பத்து முழத்துக்குள் நடந்தது

எங்கள் லாயத்தில் ஒரு நீளவாக்கு நோட்டு உண்டு. எந்தக் குதிரைக்கு என்றைக்கு லாடம் அடித்தோம், எதற்கு வயிற்றுவலி வந்தது, சவாரியில் யார் விழுந்தார்கள், எல்லாம் அதில்தான். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "மாலை 5.50. ரோஜா மிரண்டு உதைத்தது. மாணவிக்குத் தொடையில் அடி. எனக்கு விரலில் காயம்." இடது கையால் எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "ரோஜா மிரண்டு உதைத்தது" என்று எழுதியபோதே குற்றவாளியைப் பிடித்துவிட்டோம், விசாரணையும் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வேறு ஒருவர் அதே வழியில் அதே பக்கெட்டை எடுக்கப் போவார். அதனால்தான் அந்த மாலையை மறுபடி பிரித்துப் பார்க்கிறேன். குதிரை என்றாலே சவாரியில் விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூடக் குதிரை மேல் இல்லை. தரையில்தான் நின்றிருந்தோம்.

முதலில் ரோஜாவைப் பற்றி. மார்வாரி என்ற குதிரை இனத்தின் கலப்பு, 9 வயதுப் பெண் குதிரை. தோள் உயரம் 14.2 கை. குதிரைக்காரர்கள் கணக்கில் ஒரு கை என்பது 4 அங்குலம், புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம். ஆக 58 அங்குலம். எடை 400 கிலோவை ஒட்டி இருக்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு கூடும் குதிரைச் சந்தையில் வாங்கியது. விற்றவர், "பச்சப்புள்ள வயித்துக்கடியில நொழஞ்சு வெளிய வரலாமுங்க" என்றாராம். அன்றிலிருந்து ரோஜா எங்களுக்குச் சாதுவான குதிரை. புதிதாக வருபவர்களை முதலில் அதன் மேல்தான் ஏற்றுவோம். சாது என்ற அந்தப் பெயர்தான் எங்கள் எல்லோருடைய கண்ணையும் மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தது. சேணத்தைக் கழற்றிவிட்டு, ரோஜாவைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தூணில் கட்டினேன். கட்டியது நான்தான், அதைப் பிறகு சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் சுல்தானை, அது கொஞ்சம் படபடப்பான ஆண் குதிரை, அடுத்த தூணில் கொண்டுவந்து கட்டினார்கள். ரோஜா தூங்க ஆரம்பித்துவிட்டது. குதிரை நின்றபடியே கண்ணயரும். கீழுதடு தொங்கும், காதுகள் இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்துவிடும், ஒரு பின்னங்காலை மடக்கிக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றிக்கொள்ளும். மாணவி இதைப் பார்த்திருக்கிறார். "தூங்கிட்டுத்தான் இருந்துச்சு அண்ணா, ஒரு காலை மடக்கி வச்சிருந்துச்சு" என்று பிறகு சொன்னார்.

தேய்க்கும் பிரஷ் இருந்த பக்கெட், தூண்களுக்குப் பின்னால் சுவரோரமாக இருந்தது. அதை எடுக்க, ரோஜாவின் பின்புறமாக, சத்தம் காட்டாமல் போனார். சத்தம் போட்டால் தூக்கம் கலையுமே என்ற நல்ல எண்ணம்தான். காலில் ரப்பர் செருப்பு. அந்த நேரம் பார்த்து மழைக்காற்று ஒன்று அடித்தது. தகரக் கூரையின் ஓட்டையை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் ஒரு பக்கம் கழன்று, படார் என்று தகரத்தில் அறைந்தது. சுல்தான் பக்கவாட்டில் ஒரு குதி குதித்து ரோஜா மேல் வந்து இடித்தது. ரோஜா கண் விழித்தது. விழித்த அந்த நொடியில் விலாவில் இன்னொரு குதிரை, தலைக்கு மேல் ஒரு வெடிச்சத்தம், முதுகுக்குப் பின்னால் ஏதோ நடமாட்டம். இரண்டு பின்னங்காலும் போயின. ஒன்று காற்றில். இன்னொன்று மாணவியின் இடது தொடையில்.

அதோடு முடியவில்லை. உதைத்துவிட்டு ரோஜா பின்னுக்கு இழுத்தது. கயிறு விறைத்தது. தலை கட்டுண்டு இருப்பது தெரிந்ததும் அதன் பயம் இரண்டு மடங்காகி, முழு எடையையும் போட்டுப் பின்னால் சாய்ந்தது. நான் ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், கல்லாக இறுகியிருந்தது. கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் தளர்த்தினால் அவிழ்க்கலாம் என்று வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். குதிரைப் பக்கமே போகாதவருக்குக்கூட இது முட்டாள்தனம் என்று தெரியும். ரோஜா தலையை உதறியது. மோதிர விரலில் ஏதோ சூடாக ஓடிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் சைஸ், அதாவது குதிரைகளைப் பராமரிப்பவர், அறுபது தாண்டியவர், மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புல் அறுக்கும் அரிவாளோடு வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். ரோஜாவின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தோள் பக்கமாக ஒரு வளைவு எடுத்து, "ஓ… ஓ… ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்று பேசிக்கொண்டே. தூணருகில் கயிற்றை அறுத்தார். ரோஜா நாலடி பின்னால் போய் நின்று நடுங்கியது. முதல் சத்தத்திலிருந்து இதுவரை அரை நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

மாணவிக்கு எலும்பு முறியவில்லை. தொடையின் வெளிப்பக்கம் லாடத்தின் வளைவு அப்படியே பிறை மாதிரி பதிந்து, இரண்டு நாளில் கறுத்து, அப்புறம் பச்சையாகி, மஞ்சளானது. மூன்று வாரம் நொண்டினார். நாலு விரற்கடை கீழே பட்டிருந்தால் முழங்கால் மூட்டு. எனக்கு மோதிரத்தைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். ஐந்து தையல். மோதிரம் போட்ட விரலில் கயிறு மாட்டினால் தோலோடு உரிந்து வருவதும் உண்டு என்று தையல் போட்ட டாக்டர் சொன்னார். கேட்ட பிறகு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை டேப்போடு போனேன். மாணவி நின்ற இடம் தெரிந்தது, செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. ரோஜாவின் வாலிருந்த இடத்திலிருந்து நாலரை அடி. இரண்டு தூணுக்கும் இடையே 7 அடி. இந்த இரண்டு எண்ணுமே போதும்.

ஊரில் ஒரு பழைய கணக்கு உண்டு: கொம்புள்ள மாட்டுக்கு ஐந்து முழம், குதிரைக்குப் பத்து முழம், யானைக்கு ஆயிரம் முழம் தள்ளி நில் என்று. முழம் ஒன்றரை அடி என்றால் பத்து முழம் 15 அடி. சின்ன வயதில் இதைக் கேட்டபோது பயங்காட்டச் சொன்னது என்று நினைத்தேன். நீட்டிய பின்னங்கால் எட்டும் தூரம், உதைக்கும் முன் குதிரை ஓரடி ஈரடி பின்னால் வைப்பது, நாம் திடுக்கிட்டு விலக வேண்டிய நேரம், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். யாரோ நிஜமாகவே அளந்து சொன்ன கணக்கு மாதிரி இருக்கிறது.

மாமாவிடம் கோலமாவு கேட்டு வாங்கி, ஒவ்வொரு தூணிலும் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, குதிரையின் நீளத்தையும் சேர்த்துக்கொண்டு, வால் இருக்கும் இடத்திலிருந்து பத்து முழத்துக்கு வட்டம் போட்டேன். போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சிரிப்புதான் வந்தது. தண்ணீர்க் குழாய் வட்டத்துக்குள். பிரஷ் பக்கெட் வட்டத்துக்குள். சேணம் மாட்டும் குழாய், ஹெல்மெட் அலமாரி, ஏன், நாங்கள் பைக் நிறுத்தும் இடத்தில் பாதி, எல்லாம் உள்ளே. அந்த மாணவி எங்கேயோ போகக்கூடாத இடத்துக்குப் போய் அடி வாங்கவில்லை. நாங்கள் எல்லோருமே ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த நாலரை அடியில் நடந்துகொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன வாக்கியமும் அதுதான்: "எப்பவும் அந்தப் பக்கமாத்தானே அண்ணா போவோம்."

நாலரை அடி ஏன் அவ்வளவு மோசம் என்பதைச் சொல்ல வேண்டும். உதையின் வேகம் கால் முழுதாக நீளும் இடத்தில்தான் உச்சத்துக்கு வரும். குதிரையின் பிட்டத்தோடு ஒட்டி நிற்பவருக்கு அது ஒரு முரட்டுத் தள்ளு. விழலாம், சிராய்க்கலாம். நாலரை அடியில் நிற்பவருக்குச் சம்மட்டி அடி. அதனால் பின்பக்கமாகப் போயே ஆக வேண்டும் என்றால் இரண்டே வழிதான். பத்து முழம் சுற்றிப் போ. இல்லையென்றால், பேசிக்கொண்டே தோளில் கை வைத்து, முதுகு வழியாகக் கையை எடுக்காமல் தடவிக்கொண்டே, உடம்போடு உடம்பு உரச, வாலை ஒட்டி மறுபக்கம் வா. இடைப்பட்ட தூரம் மரியாதையான தூரம் மாதிரி தோன்றும். புதிதாக வருபவர்கள் பயத்தில் அங்கேதான் போய் நிற்பார்கள்.

பக்கவாட்டில் நின்றால் பயமில்லை என்று சிலர் நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. வயிற்றில் ஈ கடிக்கும்போது குதிரை பின்னங்காலை மாடு மாதிரி முன்னும் பக்கமுமாக வீசும். நேர் முன்னால் நின்றால் முன்னங்காலால் அடிக்கும், தலையை வீசும். மிச்சம் இருப்பது தோள். முகத்தையும் காதையும் பார்க்கலாம், முன்னங்காலும் பின்னங்காலும் எளிதில் எட்டாது. மாமா ஏன் எந்த வேலை செய்தாலும் தோளோரம் போய் ஒட்டிக்கொள்கிறார் என்று எனக்கு நாலு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, ரோஜா ஏன் மாணவியைப் பார்க்கவில்லை? குதிரையின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். மேயும்போதே பின்னால் பதுங்கி வருவதைக் கண்டுபிடித்து ஓடிப் பிழைத்த இனம் அது. மிச்சமிருப்பது கொஞ்சம்தான். வாலுக்கு நேர் பின்னால் ஒரு கூம்பு, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் சின்ன இடம். பக்கெட்டை நாங்கள் வைத்திருந்தது சரியாக அந்தக் கூம்பில். பொழுது சாய்கிற நேரம் வேறு. வெளிச்சம் மாறினால் குதிரையின் கண் பழகுவதற்கு நம்மைவிட நேரம் எடுக்கும். சிவப்பையும் பச்சையையும் அதனால் சரியாகப் பிரிக்க முடியாது, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். தார்ப்பாய் நீலம். உலகத்தில் பாதித் தார்ப்பாய் நீலம்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் குதிரை காதால்தான் பார்க்கிறது. நாம் பின்னால் இருந்து பேசினால் ஒரு காது மட்டும் நம் பக்கம் திரும்பும். அது திரும்புகிறவரை நாம் வந்தது குதிரைக்குத் தெரியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாமா இதை விதியாகச் சொன்னதில்லை. "காது உன்னப் பாக்கோணும் கண்ணு, அப்பறந்தான் காலெடுத்து வெக்கோணும்" என்பார். மார்வாரியில் ஒரு சிக்கல். அதன் காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும். அந்த அழகுக்குத்தான் விலையே. பழகாதவர்களுக்கு அது எப்போதும் உஷாராக இருப்பது போலவே தெரியும். காது பின்னால் சாய்ந்து கழுத்தோடு படிந்துவிட்டால் எந்த இனமாக இருந்தாலும் ஒரே பொருள்தான்: விலகு.

மடக்கிய பின்னங்காலும் இதே மாதிரிதான். உதடு தொங்கி, காது தளர்ந்து, கால் மடங்கியிருந்தால் ஓய்வு. காது பின்னால் போய், உடம்பு இறுகி, வால் சுழன்று, கால் தரையை விட்டு எழுந்திருந்தால் அது எச்சரிக்கை. மாணவி பார்த்தது முதலாவது, சரியாகத்தான் படித்திருக்கிறார். தூங்கும் குதிரையை எழுப்பாமல் பின்னால் போகக்கூடாது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

"ஆனால் ரோஜா பழகின குதிரையாச்சே" என்று லாயத்தில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2024 ஏப்ரல் 24 அன்று லண்டனில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். அரச அணிவகுப்புகளில் வாத்தியம், கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே அசையாமல் நிற்கப் பழக்கிய ராணுவக் குதிரைகள் அவை. பெல்கிரேவியா பகுதியில் ஒரு கட்டட வேலை நடந்த இடத்தில் மேலிருந்து இடிபாட்டைக் கொட்டிய சத்தத்துக்கு மிரண்டு, வீரர்களைத் தள்ளிவிட்டு, நகரத்தின் நடுவே மைல்கணக்கில் ஓடின. ஒன்று இரட்டை மாடி பஸ்ஸில் மோதியது. பழக்கினால் பயம் குறையும். ஓடிப் பிழைக்கும் குணம் உள்ளே அப்படியே கிடக்கும். எங்கள் ரோஜாவுக்கு ஓட வழியில்லை, கட்டியிருந்தோம். அதனால் உதைத்தது.

இனி என் கயிற்றுக்கு வருகிறேன். அதில் நான் செய்த தப்புகளை எண்ணினால் கை விரல் போதாது, அதுவும் ஒன்று தையலில் இருந்தபோது. வளையம் முழங்கால் உயரத்தில் இருந்தது, அந்த இடம் முன்பு மாட்டுக் கொட்டகை. குதிரையை அதன் தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ கட்ட வேண்டும். தாழக் கட்டினால் இழுக்கும்போது கழுத்து வளைந்து, பயம் கூடி, கழுத்துத் தசையே பிய்யலாம். நீளம் நாலடி விட்டிருந்தேன். இரண்டு, இரண்டரை அடி போதும். நீளம் கூடினால் கால் மாட்டும், பின்பக்கத்தைச் சுழற்றவும் இடம் கிடைக்கும். முடிச்சு, அம்மா துணிக்கொடி கட்டும் முடிச்சு. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடத் தெரியும், அன்று போடவில்லை. ரோஜாதானே என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியம், கயிறும் குதிரையின் தலையில் மாட்டும் ஹால்டரும் நைலான், தூண் இரும்பு. அறுந்துபோக ஒன்றுமே இல்லை. வளையத்தில் ஒரு சணல் கயிற்றுத் துண்டை மாட்டி, குதிரையை அந்தச் சணலில் கட்டியிருந்தால், முதல் இழுப்பிலேயே அது அறுந்திருக்கும். குதிரை பத்தடி போய் நின்றிருக்கும், என் விரலுக்கும் வேலை இருந்திருக்காது. மூன்று ரூபாய்ச் சணல்.

கயிற்றைக் கையில் சுற்றுவதைப் பற்றி இன்னும் ஒன்று. நடத்திக்கொண்டு போகும்போதும் மிச்சக் கயிற்றை வளையம் வளையமாகக் கையில் போட்டுக்கொள்வது பலருக்குப் பழக்கம். குதிரை பாய்ந்தால் அந்த வளையம் சுருக்காகிவிடும். 400 கிலோவை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. கயிற்றை எட்டுப்போல மடித்து நடுவில் பிடித்தால், விடும்போது விடும்.

மாணவியின் அடி தொடையில் பட்டதால் வலியோடு போனது. அதே உதை வயிற்றிலோ விலாவிலோ பட்டிருந்தால் கதை வேறு. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து ரத்தம் கசியலாம். கொஞ்ச நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சரிவார்கள். வயிறு, நெஞ்சு, தலை, இந்த மூன்றில் எதில் பட்டாலும் "ஒண்ணும் இல்ல" என்று யார் சொன்னாலும் கேட்காமல் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி. அந்தக் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் சர்வசாதாரணம். ரோஜா அன்று கடிக்கவில்லை, ஆனால் கடித்தாலும் நம் ஊரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ரேபிஸ் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். நாய்க்கு மட்டும்தான் அது என்று நினைக்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொடைக்கானல் ஏரிக்கரை ஞாபகம் வருகிறது. சவாரிக் குதிரையின் பின்புறம் பிள்ளையை நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் பின்னால போ, ஃபிரேம்ல வரல" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொல்லும் அப்பாக்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் நெற்றியில் தட்டிக்கொடுக்கச் சொல்வார்கள். குதிரைக்குத் தெரியாத இரண்டு இடத்தையும் ஒரே நிமிடத்தில் சுற்றிக் காட்டிவிடுவார்கள். தட்ட ஆசையாக இருந்தால் தோளில் தடவலாம், பிள்ளைக்கும் அதுதான் எட்டும்.

எங்கள் லாயத்தில் இப்போது பக்கெட்டும் ஹெல்மெட் அலமாரியும் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டன. தூண்களில் ஒன்றைப் பிடுங்கி 15 அடி தள்ளி நட்டோம். வளையங்கள் மேலே ஏறின, ஒவ்வொன்றிலும் சணல் தொங்குகிறது. குளம்பு சுத்தம் பண்ணும்போது குந்தி உட்காரக்கூடாது, குனிந்துதான் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மாமா முக்காலியையே ஒளித்துவைத்துவிட்டார். ரப்பர் செருப்போடு வருபவர்களைக் கேட்டுக்கு உள்ளே விடுவதில்லை. இதில் மட்டும் சண்டை வருகிறது. மாணவி நாலாவது வாரம் திரும்பி வந்தார். "ரோஜா, ரோஜா" என்று கேட்டிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ரோஜாவின் இடது காது திரும்பியது.

நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "தூங்கிய குதிரை. 7 அடியில் இன்னொரு குதிரை. பின்னால் பக்கெட். கட்டியது சரியில்லை, கட்டியவன் நான்." தார்ப்பாய் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. கூரை மாற்ற மழை முடியட்டும் என்கிறார்கள். இப்போதைக்கு நாலு பழைய டயரை அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.